வெறும் வயிற்றோடு இறங்காத முயல்

போன மாதம் பெங்களூரில் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்க வந்த பெண் என் புறங்கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்துத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "நரம்பு ஒளிஞ்சுக்குது பாட்டி, பயப்படாதீங்க" என்றாள். காதில் தேடிப் பாரம்மா என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஊசி போடும் முன்பே கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஸ்பிரிட் வாசனையில் உன் ஞாபகம்தான் வந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க நீ இல்லையே என்ற எரிச்சலில் எழுதுகிறேன்.

நம் இருவரையும் வார்டிலிருந்து பிடுங்கி, தங்கச் சுரங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த ஆராய்ச்சிக் கொட்டகையில் போட்டார்களே, நினைவிருக்கிறதா? நர்சு வேலைக்குப் படித்துவிட்டு முயலுக்கு ஊசி போடுவதா என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீ முதல் நாளே முயல்களோடு பேச ஆரம்பித்துவிட்டாய். சுரங்கத்தின் பாறைத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று அங்கிருந்த டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். முயல்கள் மாதக்கணக்கில் தூசிப் பெட்டிக்குள் மூச்சுவிடும். அவ்வப்போது ஒன்றை மயக்கி, அசையாமல் கிடத்தி, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முயலின் காதோரத்தில் ஓடும் ரத்தக்குழாயில்தான் மருந்து ஏற்ற முடியும். முயல் பயந்தால் அது நூலாகச் சுருங்கிவிடும். நீ காதை உள்ளங்கையில் வைத்துச் சூடு வரத் தேய்ப்பாய், நான் ஊசியைப் பிடிப்பேன். "இன்னா பயம் உனக்கு? ஒரு ஷிப்டு தூங்கிட்டு வா" என்று அதனிடம் சொல்வாய். எனக்குத்தான் தைரியம் வரும், முயலுக்கு வந்ததா என்று தெரியாது.

சிக்கல் என்னவென்றால், தூங்கப்போன முயல்கள் எழுந்திருக்கவில்லை. அடுத்தடுத்து மூன்று போய்விட்டன. ஒவ்வொன்றோடும் பல மாத வேலை மண்ணாகிப் போனது. எடை பார்த்து டாக்டர் கணக்குப் போட்டுத் தரும் மருந்தைத்தான் நான் ஏற்றினேன். டாக்டர் என் கையைச் சந்தேகப்பட்டார். நான் மருந்துப் புட்டியைச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வருகிறார், அவர் முன்னால் இன்னொன்று செத்தால் கொட்டகைக்குப் பூட்டுத்தான் என்று டாக்டர் சொன்ன அன்று, நீ மதியம் சாப்பிடவே இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். நெஞ்சில் தூசி கட்டிப்போனதால் அவரைக் கீழே அனுப்பாமல், ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டான கேஜின் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அவரால் நடந்துகொண்டே பேச முடியாது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானாலும் நின்றுதான் சொல்வார். அந்த வருஷம்தான் உன் தம்பியும் சுரங்கத்தில் சேர்ந்திருந்தான். "எங்கப்பாவுக்கு இனிமே ஒண்ணும் ஆவாதுடி. தம்பிக்காவது இவுங்க எதுனா கண்டுபிடிக்கட்டும்" என்றாய். அதற்கு மேல் அதைப் பற்றி நீ பேசியதே இல்லை.

அதிகாரி வரும் நாள் காலையில் நான் கொஞ்சம் முன்னதாகவே வந்தேன். நீ தரையில் உட்கார்ந்து, உன் டிபன் டப்பாவிலிருந்த கேழ்வரகுக் களியை உருட்டி உருட்டி முயலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் ஒரு கட்டு முள்ளங்கிக் கீரையின் காம்பு மட்டும் கிடந்தது.

"இன்னாடி பண்றே?"

"வெறும் வயித்தோட யாராவது கீழ இறங்குவாங்களா? எங்க வூட்ல சங்கு ஊதி முடிச்சாலும் ரெண்டு வாய் துன்னாம ஷிப்டுக்கு அனுப்ப மாட்டோம்."

"தினமும் இப்டித்தானா?"

"மயக்கத்துக்குப் போறதுக்கு மட்டும். எடை போடறதுக்கு முன்னாடி குடுத்துடுவேன்."

களிக்கும் கீரைக்கும் சேர்த்தல்லவா டாக்டர் மருந்து அளந்துகொண்டிருக்கிறார். அதுவோ கொஞ்சம் கூடினாலும் ஆளை முடித்துவிடும் மருந்து. நான் சொல்லச் சொல்ல உன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தோம். அதற்குள் கார் வந்துவிட்டது. கழுத்தில் ரோஜா மாலையோடு அதிகாரி, பின்னால் வேர்த்து வழிய டாக்டர். முயல் தராசில் ஏறியது. "பரவாயில்லையே, நல்ல கனம்" என்றார் அதிகாரி. நீ சுவரைப் பார்த்தாய்.

டாக்டர் மருந்தை நிரப்பி என் கையில் கொடுத்தார். காதில் ஊசி ஏறியது. அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். கேஜ் வாசலில் உன் அப்பா குரல் கொடுப்பது போலவே, "ஆள் எறங்குது, மெல்ல… மெல்ல…" என்றாய். அதிகாரி திடுக்கிட்டார். கல்லை எத்தனை வேகமாகவும் ஏற்றலாம், ஆளை மெல்லத்தான் இறக்க வேண்டும் என்று உன் அப்பா சொல்வாராமே. நான் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். முயலின் தலை உன் கையில் சாய்ந்தது. "நிறுத்து" என்றாய். நிறுத்திவிட்டேன். டாக்டர் சொல்லைத் தட்டினாலும் உன் சொல்லை நான் தட்டியதில்லை. ஊசிக்குழலில் மருந்து மிச்சம் இருந்தது.

"இங்கே உத்தரவு போடறது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதுதான் சார் எங்க முறை. எடைக் கணக்கு ஒரு எல்லைதான். மயங்கின இடத்துல நிறுத்திடுவோம்" என்றார். அன்று காலை வரை அவருக்கே தெரியாத முறை அது.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. முயல் எழவில்லை. அதிகாரி மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்கு டீ குடிக்கப் போனார். நீ முயலின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் வேண்டாத சாமியில்லை. டீ முடிந்து அவர் திரும்பி வந்தபோது, முயல் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு அவருடைய ரோஜா மாலையில் பாதியைத் தின்றிருந்தது.

"பாவம், ரொம்பப் பசி போல. ஒண்ணும் போடலையா?" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். உன் வீட்டு மானம் போகிற விஷயமாயிற்றே. "அதெல்லாம் சாப்டுட்டுத்தான் சார் எறங்குச்சு. ரெண்டு உருண்டை களி" என்றாய்.

அதிகாரி சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. தராசைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார். அதிகாரி போனபின் உனக்கு டாக்டரிடம் விழுந்த வசவு ஆண்டர்சன்பேட்டை வரை கேட்டிருக்கும். நீ தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில், "செரி சார், இனிமே எடை போட்டுட்டு ஊட்டறேன்" என்றாய். அதற்குப் பிறகு நம் கையில் ஒரு முயலும் மயக்கத்தில் சாகவில்லை. கொட்டகையும் மூடவில்லை.

உன் அப்பா அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. ஆனால் முயல்களின் எக்ஸ்ரே படத்தில் முதல் நிழல் எப்படி விழும் என்று பார்த்துப் பழகிய டாக்டர்தான், சில வருஷம் கழித்து உன் தம்பியின் படத்தைக் கையில் எடுத்தவுடன், "இவனை இன்னைக்கே மேலே வேலைக்கு மாத்துங்க" என்று எழுதிக் கொடுத்தார். அன்று அவனுக்கு இருமல்கூட வரவில்லை. கூலி குறையும் என்று அவன் உன்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இப்போது ஆபரேஷனுக்குப் பிறகு என்னைப் பார்க்க உன் தம்பி வந்தான். எழுபதைத் தாண்டிவிட்டான். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை. மருந்துக் கடைக்குப் போய்விட்டு இருவரும் மூன்று மாடி ஏறினோம். உன் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். நான்தான் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினேன். அவன் ஓரிடத்திலும் நிற்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.