கோப்பையோடு வந்தவர்கள்

அன்புள்ள கோல்மனுக்கு,

பதினேழு வயதுக்கு உட்பட்டோர் ஹர்லிங் இறுதியாட்டத்தில் நம் ஊர்ப் பையன்கள் ஜெயித்துவிட்டார்கள். கிளேர் மாவட்டமே மழையில் ஊறிக் கிடக்கிறது.

அரையிறுதியில் ஹெல்மெட் கழன்றபோது உன் தம்பி தலையில் மட்டை பட்டதைப் போனில் சொன்னேன். தையல் பிரித்தாயிற்று. நன்றாகச் சாப்பிடுகிறான், நடக்கிறான். டாக்டர் பொறுமையாக இருக்கச் சொல்கிறார். இறுதியாட்டத்துக்கு அவனையும் கூட்டிப்போய், போர்வை சுற்றி உட்காரவைத்தோம்.

ஆட்டம் முடிந்ததும் மொத்த அணியும் அவனிடம் ஓடிவந்தது. பக்கத்து வீட்டு ஓட்ரன் கோப்பையை அவன் மடியில் வைத்து, "டேய், அரையிறுதியில நீ போட்ட கோல்தான்டா நம்மள இங்க கொண்டு வந்துச்சு. நீதான் முதல்ல தூக்கணும்," என்றான். சின்ன வயதிலிருந்து நம் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தவன் அவன்.

உன் தம்பி எழுந்து கை கொடுத்தான். "ரொம்ப நல்லா ஆடினீங்க. நீங்க எந்த ஊரு?" என்று கேட்டான்.

"பக்கத்துலதான்," என்ற ஓட்ரன், கழற்றிய ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டான்.

காரை எடுக்கப் போன அப்பா வெகுநேரம் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சிட்னியிலிருந்து வருகிறாய் அல்லவா, வாசலில் நுழையும்போதே உன் பெயரைச் சொல்லிக்கொண்டு வா. அவன் மரியாதையாக "வாங்க" என்றால் முகம் மாறிவிடாதே.

அம்மா