நேரில் பார்த்தால்தான் நம்புவார்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கைப்பேசிதான் படகுத்துறையில் கடலுக்குள் விழுந்துவிட்டது. எட்டிப் பிடிக்கப்போய் நனைந்ததில் லேசான காய்ச்சல், ஒரு வாரம் விடுப்பு, அவ்வளவுதான்.

எங்கள் தலைமைச் செவிலி ராக்னிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்டில் செய்தி அனுப்ப எந்தச் செயலி என்று பேச்சு வந்தபோது, "எல்லாரும் இருக்கறதுலயே இருப்போமே" என்றோம்.

"நடுத்தெருவுலகூடத்தான் எல்லாரும் இருக்காங்க. நோயாளி விஷயத்த அங்க நின்னா பேசுவீங்க?" என்றவர், நடத்தும் நிறுவனமே படிக்க முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

புதுக் கைப்பேசியிலிருந்து அவருக்கு எழுதினேன். கைப்பேசி மாறினால் அந்தச் செயலியில் இருவர் திரையிலும் ஒன்றாக இருக்க வேண்டிய பாதுகாப்பு எண்ணும் மாறிவிடும். எழுதியது வேறு யாரோ என்ற சந்தேகத்தில் அவர் பதிலே போடவில்லை. மறுநாள் பனிக்காற்றில் படகேறி நான் தங்கியிருக்கும் தீவுக்கே வந்துவிட்டார்!

"போன காட்டுடி. எழுதினது நீதானான்னு பாக்கணும்."

இரண்டு திரையிலும் எண்கள் ஒத்துப்போன பிறகுதான் சிரித்தார். "சரி, நீயேதான். காப்பி போடு." இங்கே வந்ததிலிருந்து நான் விருந்தாளிக்கென்று இரண்டாவது கோப்பையை எடுத்தது அன்றுதான்.

லைப்சிக்கில் அரசு உளவாளிகள் நம் கடிதங்களை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்த காலத்தை நீங்கள் மறக்கவில்லை, தெரியும். ஆனாலும் ராக்னில் தேர்ந்தெடுத்த இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தபால் படகு கிளம்பப்போகிறது. கம்பளிக் காலுறையும் நம்மூர்க் கடுகு விழுதும் வேண்டும், அனுப்பிவிடாதீர்கள். எண்ணை நேரில்தானே சரிபார்க்க வேண்டும்? நீங்களே கொண்டுவாருங்கள்.

உங்கள் யூட்டா