அப்பா அழவில்லை, கண் காய்ந்துவிட்டது

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு மாதமாக அப்பா ஒரு வரி எழுதவில்லையே என்று கோபமாக இருப்பாய், காரணம் கேட்டால் சிரிப்பாய். நீ கிளம்பிப் போன சில வாரத்திலேயே பஸ் ஓட்டும்போது என் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. கூட வரும் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, அண்ணன் தன் மகளை நெனச்சு அழுதுக்கிட்டே ஓட்டுறாரு என்று டிப்போ முழுக்கப் பரப்பிவிட்டார். முன் சீட்டு அம்மாக்கள் போட்டி போட்டு ஆறுதல் சொன்னார்கள், ஒருவர் கைக்குட்டையே கொடுத்தார், நல்ல பேர் சும்மா கிடைக்கிறதே என்று நானும் மறுக்கவில்லை. உண்மையில் கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், சாயங்காலமானால் எழுத்தெல்லாம் கலங்கும், ஆனாலும் அம்மாவிடம் மூச்சு விடவில்லை, சொன்னால் ஓட்ட விடமாட்டாளே.

ஒருநாள் சிக்னலில் சிவப்பு விளக்கு நீரில் கரைந்த மாதிரி தெரிந்து, பிரேக் போடக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கோட்டைத் தாண்டித்தான் நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாரோ வாங்கி வந்த வெங்காயம் மட்டும் பஸ் முழுக்க உருண்டது, எல்லோரும் சிரித்துக்கொண்டே பொறுக்கினார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. டிப்போவுக்கு வந்ததும் நேரே மேனேஜரிடம் போய், சார், கண்ணு சரியாகுற வரைக்கும் என்னை ஓட்டச் சொல்லாதீங்க என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன், அவள் நேரே கண் டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, உங்க கண்ணு காய்ஞ்சு போயிருக்கு என்றார். இவ்வளவு தண்ணி கொட்டுது, காய்ஞ்சிருக்குன்னா எப்படிங்க என்று கேட்டேன். இமையில் ஊறும் எண்ணெய் அடைத்துக்கொண்டதாம், அதனால் ஈரம் நிற்காமல் காய்ந்துவிடுமாம், அந்த உறுத்தல் தாங்காமல்தான் கண் கொட்டோ கொட்டென்று கொட்டுமாம். முழுசாப் போகாது, கூடவே வெச்சுக்கிட்டுப் பழகணும் என்றார். உங்க அக்கா மாதிரி என்று அம்மா அங்கேயே என் காதில் முணுமுணுத்தாள். இப்போது காலையும் மாலையும் வெதுவெதுப்பான ஈரத்துணியை இமைமேல் பத்து நிமிடம் வைத்துக்கொள்கிறேன், நாலு வேளை சொட்டு மருந்து, பஸ்ஸில் ஏசி காற்று முகத்தில் அடிக்காதபடி திருப்பிவிட்டேன். நடுவே பஸ் ஓட்டாத ஆறு வாரம் டிப்போவில் பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல் இருந்தேன்.

போன திங்கட்கிழமை பார்வைப் பரிசோதனையில் தேறி மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். இரண்டாவது ஸ்டாப்பில் உன் அம்மா ஏறினாள்! பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, என்னைத் தெரியாதவள் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்க்கிறேன், ஒவ்வொரு சிக்னலிலும் அவள் கால் தானாகப் பிரேக் போடுகிறது. பாதி வழியில் பார்த்தால் ஜன்னலில் தலை சாய்த்து நல்ல தூக்கம். எத்தனை நாள் தூங்காமல் இருந்தாளோ என்று அப்போதுதான் உறைத்தது. கடைசி ஸ்டாப்பில் எழுப்ப மனசு வரவில்லை, திரும்பும் டிரிப்பிலும் அப்படியே கூட்டிக்கொண்டு வந்தேன், கண்டக்டரும் டிக்கெட் கேட்கவில்லை.

நீயும் கம்ப்யூட்டர் முன்னால் இமைக்க மறந்து உட்காருவாய், அடிக்கடி இமை கொட்டு. உறுத்தினால் என்னைப் போல மறைக்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போடு. நோய்நொடி அண்டாமல், மனசு குளிர்ந்து நீ நிறைய வருஷம் இருக்க வேண்டும்.

என்றும் உன்
அப்பா