கோணல் எழுத்து

வல்லக்கோட்டை
5.10.2025

அன்பு மகள் ஷாலினுக்கு,

முதலில் என் எழுத்தை மன்னித்துவிடு. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, எல்லாம் கோணல்மாணல். கையும் லேசாக ஆடுகிறது. இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. ஆனாலும் அறுபத்தாறு வயதில் உன் அப்பன் தன் கையால் எழுதும் முதல் கடிதம் இது!

நான் காவல் இருக்கும் ஒரகடம் லாரி யார்டு கேட்டில் இனி நான் கைநாட்டு இல்லை. வண்டி நம்பர், டிரைவர் பெயர் எல்லாம் நானே நோட்டில் எழுதுகிறேன். பின்னால் நிற்கும் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். எழுத்துச் சொல்லித்தரும் கலைமதி டீச்சர், "இன்னா தாத்தா, பேனாவ கடப்பாரை மாதிரி புட்ச்சிகினுகீறே!" என்று கிண்டல் செய்கிறது.

ஜனவரியில் நீ இங்கே கம்பெனியில் சேர்ந்ததும் பேத்தி ஜாயைப் பள்ளிக்கூடத்திலிருந்து நானே கூட்டிவருவேன். போன் செய்யாதே, எழுது. படிக்க ஆசை.

உன் அப்பா
அருள்நாதன்

ஓசூர்
11.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஜாய் மூன்று தரம் வாசித்தாள். "தாத்தா என்னைவிட மோசமா எழுதுறாரும்மா" என்று ஒரே சந்தோஷம்.

கோணலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலையில் டீ கிளாஸ் பிடிக்க முடியாமல் உங்கள் கை ஆடும். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் ஆட்டம் நிற்கும். குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்தக் கோணல் எனக்குப் பிடித்திருக்கிறது.

குடியை விட்டவர்களின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போகிறீர்கள்தானே? மறுபடி குடி வரப்போவதற்கான அறிகுறிகள் என்று மறுவாழ்வு மையத்தில் கொடுத்த தாள் சுவரில் இருக்கும். அன்று நான்தான் படித்துச் சொன்னேன். இப்போது நீங்களே படியுங்கள்.

ஷாலின்

வல்லக்கோட்டை
19.10.2025

அன்பு மகளுக்கு,

நீ சொன்ன தாளைப் பார்த்து ஐந்து தரம் எழுதினேன். டீச்சர் 'மிக நன்று' போட்டு நட்சத்திரம் வரைந்தது. ஒரு பக்கம் உனக்கு அனுப்பியிருக்கிறேன். 'கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது' என்ற வரி எவ்வளவு அழகாக வந்திருக்கிறது, பார்த்தாயா?

வியாழக்கிழமை வகுப்பு இருப்பதால் கூட்டத்துக்குப் போவதில்லை. இனி எனக்கு அது எதற்கு? கல் மாதிரி இருக்கிறேன். பழைய கூட்டாளி மாசானம் திருநெல்வேலியிலிருந்து திரும்பிவந்து நம் யார்டிலேயே சேர்ந்திருக்கிறான். "என்னவே அருளு, குடிக்கத்தான் கூடாது, பக்கத்துல இருந்து கடலை திங்கவும் கூடாதோ?" என்றான். கடலை மட்டும்தான் தின்றேன். சூப்பர்வைசர் மோகன் எதற்கெடுத்தாலும் கத்துகிறான். நேற்று அவன் முன்னால் நோட்டை வீசிவிட்டேன்.

போன் ரிப்பேர்.

அப்பா

ஓசூர்
24.10.2025

அப்பா,

நீங்கள் பார்த்தெழுதிய பக்கத்தையும் உங்கள் கடிதத்தையும் அருகருகே வைத்துப் படித்தேன். கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது. பழைய கூட்டாளிகளோடு சேருவது. இனி நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பது. சட்டென்று கோபம் வருவது. ஐந்து தரம் எழுதினீர்களே, ஒரு தரமாவது படித்தீர்களா?

ரிப்பேரான போனுக்கு நாலு தரம் அடித்தேன். ரிங் போகிறது, நீங்கள்தான் எடுக்கவில்லை.

வகுப்பை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். இந்த வியாழன் கூட்டத்துக்குப் போய், மாசானத்தோடு உட்கார்ந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜாயை உங்கள் கையில் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போக வேண்டியவள் நான். அங்கே வரலாமா கூடாதா என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

எழுதுங்கள். கோணலாகவே எழுதுங்கள்.

ஷாலின்

வல்லக்கோட்டை
2.11.2025

என் கண்ணான ஷாலினுக்கு,

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீ சொல்வது அத்தனையும் சரி. வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன், மழை பிடித்துக்கொண்டது. வரும் வியாழன் கட்டாயம் போவேன்.

இன்று கல்லறைத் திருநாள். அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி, உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உயிரோடு இருந்தவரை அவளுக்கு ஒரு வரி படித்துக் காட்டாதவன் நான். கல்லறைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மாசானம்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். அவன் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அதை விடு, ஒரு சந்தோஷம் சொல்கிறேன். இந்தப் பக்கத்தைப் பார். ஒரே மணி நேரத்தில் எழுதினேன். எல்லாம் ஒரே அளவு. ஒரு எழுத்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை. கை ஆடவே இல்லை, ஷாலின்! ஜாயிடம் காட்டு.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.

அப்பா