மலையேறும் பைக்குச் சந்தனப் பொட்டு

போபோடி, புனே
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள அச்சுதன் அண்ணாவுக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, உன் அறையில் கூட இருப்பவர்களிடமும் வேண்டாம், அப்பாவிடம் காட்டவே காட்டாதே, படித்ததும் அழித்துவிடு. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் என் வகுப்புத் தோழி சோனியா வீட்டில் நுழைந்து அவள் அக்காவின் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். பத்தாவது பரீட்சை முடியும்வரை என் போனை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், அதனால்தான் காகிதம். நீ போலந்தில் வேளைக்குச் சாப்பிட்டு, வெல்டிங் அடிக்கும்போது கண்ணுக்கு மறைப்புப் போட்டுக்கொண்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சௌக்கியம், நான் சௌக்கியம். அப்பா சௌக்கியம் என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை. மாதாமாதம் அப்பா உனக்குச் சொல்லச் சொல்ல எழுதித்தான் எனக்குத் தமிழில் கடிதம் எழுதவே வந்தது, ஆகையால் இதுவும் அவர் எழுதியது மாதிரி இருந்தால் சிரிக்காதே.

போன மாதக் கடிதத்தில், உடம்பு திடமாக இருக்கிறது, நீ போன லீவில் வாங்கி வந்த மலையேறும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தினம் நடக்கிறேன் என்று அப்பா சொன்னார், நான் எழுதினேன். நடப்பது நிஜம், திடமாக இருப்பது பொய், பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். ஜூன் கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் எப்படி இருந்தார் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் ஃபாக்டரி சங்கு ஊதும்போது குளித்துத் தலைவாரி, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், சாயங்காலச் சங்கு ஊதும்வரை எழுந்திருக்க மாட்டார். பேசவும் மாட்டார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறாள். ஆகஸ்டில் ஒரு நாள் உன் பையைப் பரணிலிருந்து இறக்கிப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்த்தார், மெஷினைப் பார்ப்பது மாதிரி. அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார். அப்புறம் வாரம் ஒரு சாமான் வந்தது. ஊன்றிக்கொள்ள இரண்டு கோல், நெற்றியில் கட்டும் விளக்கு, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் அடுப்பு, விசிறிப் போட்டால் தானே விரிகிற கூடாரம், முழங்காலுக்குக் கீழே கழற்றிவிட ஜிப் வைத்த பேண்ட், மலையேறும் பூட்ஸ். பைக்குள்ளே ஒரு தண்ணீர்ப் பை இருக்கிறது, அதிலிருந்து குழாய் வாய்க்கு வரும். அதைக் கடித்துக்கொண்டு டிவி பார்ப்பார். டிரிப்ஸ் ஏத்தின மாரி கீது, எட்த்து வைய்யா அத்த என்று அம்மா சிரிப்பாள். அம்மா சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது அண்ணா, அதனால்தான் நான் எதையும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. முப்பத்தாறு வருஷம் ஃபாக்டரியில் தன் லேத் மெஷினுக்குப் பூப்போட்டவருக்கு இந்த வருஷம் பொட்டு வைக்க ஒரு ஸ்பேனர்கூட இல்லை. அதனால் கூடாரத்தை நடுவீட்டில் விரித்தார், சமையலறைக்குப் போக அதற்குள் புகுந்துதான் போகவேண்டியிருந்தது. முன்னால் பலகை போட்டு எல்லாச் சாமானையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி இரண்டு பூட்ஸுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, பூட்ஸைப் போட்டுக்கொண்டு பழத்தை மிதித்தார். சந்து முழுக்க வந்து பார்த்தது. பட்டப்பகலில் நெற்றி விளக்கை எரியவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எடை என்ன, எத்தனை மழை தாங்கும் என்று தமிழில் ஒரு தடவை, மராத்தியில் ஒரு தடவை சொன்னார். பேண்ட்டின் கால்களைக் கழற்றிக் காட்டியபோது ஆரோக்கியமேரி அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜம்பண்ணா, மீதியையும் கழட்டிடாதீங்க, புள்ளைங்க கீதுங்க என்றார். அவர் வீட்டுக்காரர் ஜெயசீலன் மாமா, அப்பாவோடு பக்கத்து லேத்தில் நின்றவர், பொரியைக் கொறித்துக்கொண்டே, எல்லாத்தையும் வாங்கிட்டியேப்பா, மலைய எப்ப வாங்கப் போற என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஞாயித்துக்கிழமை தோரணா மலைக்கோட்டைக்குப் போறேன், நீயும் வரணும்னா சொல்லு, உனக்கும் பேர் குடுக்கறேன் என்றார். எனக்குத் தெரியும், அதுவரைக்கும் போகலாமா வேண்டாமா என்று அவருக்கே பயம் இருந்தது. அத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகு அந்தப் பயமும் இல்லாமல் போய்விட்டது.

இனி எழுதுவதுதான் யாருக்கும் தெரியாதது. கணபதி கரைத்த மறு வாரம், பயிற்சிக்கென்று பையில் பத்து கிலோ கோதுமை மாவை அடைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சதுஷ்ருங்கி கோயில் படி ஏறினார். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துவிட்டது, இடது தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பையின் நெஞ்சுப் பட்டை இறுகிடுச்சு, வேற ஒண்ணுமில்ல என்றார். பட்டையை நான்தான் கழற்றினேன் அண்ணா, அது தளர்வாகத்தான் இருந்தது. நான் அழுத அழுகைக்குப் பயந்து டாக்டரிடம் வந்தார். அவர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, மலையை விடுங்கள், மாடிப்படிகூட ஏறாதீர்கள், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், என் தலையில் கை வைத்து, அம்மாவிடம் மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். ரெண்டு மாசம் கழிச்சு இப்பதாண்டி எனக்கு மூச்சே வருது, அதையும் நிறுத்திடாத என்றார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நான் வைத்திருக்கிறேன், அதையும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிப்போகும் குழுவிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் நிரப்பினேன். நெஞ்சு நோய் உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லேன்னு போடு என்றார், போட்டேன். கடைசியில் வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ஜ. ருக்மிணி என்று அவள் போடுகிற மாதிரியே நான் போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, அச்சு அசலா அவ கையெழுத்தே என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவருக்கு அங்கே ஏதாவது ஆனால் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்ப்பார்கள், அதில் இருப்பதெல்லாம் என் கையெழுத்து.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு பூட்ஸை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன், எலி இழுத்துப் போய்விட்டது என்று சொல்லி எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். எனக்குக் காய்ச்சல் என்றேன், மாத்திரை கொடுத்துவிட்டு, ஞாயிறுக்குள்ள சரியாயிடும் என்றார். நேற்று தசராவுக்கு, இங்கே தங்கம் என்று சொல்லிக் கொடுத்துக்கொள்ளும் ஆப்டா இலையைக் கொடுக்கப் போகிற சாக்கில் சோனியா வீட்டுக்குப் போய், அந்தக் குழுவை நடத்துகிற ஷ்ரேயஸ் என்பவருக்குப் போன் செய்தேன். ஜம்புலிங்கம் வர மாட்டார், பெயரை எடுத்துவிடுங்கள் என்று மராத்தியில் சொன்னேன். நீங்கள் யார் என்று கேட்டார், பயந்துபோய் வைத்துவிட்டேன். அவர் உடனே அப்பாவுக்குப் போன் செய்து, யாரோ ஒரு பெண் இப்படிச் சொன்னாள் என்று கேட்டிருக்கிறார். ஜெயசீலன் மாமாதான் பொறாமையில் யாரையோ விட்டுப் பேசவைத்தார் என்று அப்பா நினைத்துவிட்டார். தங்க இலை கொடுத்துக் கட்டிக்கொள்கிற நாளில் சந்து நடுவில் நின்று சண்டை. இத்தன வருஷம் உன் பக்கத்துல நின்னனேடா என்று மாமா கேட்டார், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அதையும் செய்தது நான்தான். இனிமேல் கால் உடைந்தாலும் போவார்.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். சத்தியம் ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம், இரண்டையும் விடப் பெரிய பயம் அந்த நாற்காலி. இதைத் தடுத்தால் மறுபடியும் அதில் போய் உட்கார்ந்துவிடுவார், இந்த முறை எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது எழுத எழுத எனக்கே புரிகிறது, உட்கார்ந்தால் உட்காரட்டும் அண்ணா, பேசாமல் இருந்தால் இருக்கட்டும், அந்த நாற்காலியில் அப்பா இருந்தால் போதும்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குச் சிவாஜிநகரிலிருந்து பஸ் புறப்படுகிறது. நீ வழக்கம்போல ஞாயிறு சாயங்காலம் பேசினால் பிரயோஜனம் இல்லை. நாளை இங்கே காலை பத்து மணிக்கு, உனக்கு ஆறரை இருக்கும், அம்மாவின் போனுக்குப் பேசு, அப்பா அப்போது பஸ்ஸுக்குப் பிஸ்கட்டும் குளுகோஸும் வாங்கக் கடைக்குப் போயிருப்பார். டாக்டர் சீட்டில் இருப்பதை அவளுக்குப் படித்துச் சொல். அப்புறம் அப்பாவிடமும் நீயே பேசு, பை நீ கொடுத்தது, உன் பேச்சைத்தான் கேட்பார். அதட்டாதே, அவருக்கு அதட்டினால் பிடிக்காது. டிசம்பரில் லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன், ஆஸ்பத்திரியில் காட்டிச் சரியானதும் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று சொல், பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை சொல். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடு. ஷ்ரேயஸுக்குப் பேசியதும் நான்தான் என்று சொல்லிவிடு, மாமா மேல் பழி வேண்டாம். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க சாமியை வேண்டிக்கொள்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. பத்து மணியை மறந்துவிடாதே.

உன் தங்கை
ஸ்நே

அண்ணா, அம்மா தட்டுகிறாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வாய்வு புட்ச்சிகினு தோள் வலிக்குதாம், தூக்கமே வரலியாம், ஓமத்தண்ணி வெக்கணும், கதவத் தெறடி என்கிறாள். பத்து மணிவரை காத்திருக்க வேண்டாம், இதைப் பார்த்த உடனே பேசு. அம்மாவிடம் காட்ட டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கி