தவிடு நிரப்பிய மேஜோடு

சின்னம்மா,

போன வாரம் சிறுசேரியில் தம்பியின் பேத்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண். இப்போது ஒரு மாதக் கைக்குழந்தையாக ஓர் ஆண். கிறிஸ்மஸுக்காகச் சுவரில் சிவப்புத் துணிக் காலுறைகள் இரண்டை மாட்டிவிட்டு, சின்னவனுடையதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும் அத்தைப்பாட்டி என்று ரப்பர் வாத்தும் தொப்பியும் கிலுகிலுப்பையுமாக என் மடியில் கொட்டினாள். அந்தச் சின்னக் காலுறையைக் கையில் வாங்கியதும் ஏனோ மோந்து பார்த்தேன். கடைத்துணி வாசனைதான் இருந்திருக்கும். எனக்கு அரிசித் தவிட்டின் வாசனை வந்தது. நான் நிரப்பாமல் மோந்துகொண்டே இருப்பதைப் பார்த்து, பாட்டிக்கு வயதாகிவிட்டது என்று அவளே வாங்கி நிரப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அந்த வாசனை போகவில்லை. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டதுகூட இல்லை, மாற்றிச் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா உபதேசியார். மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன வேதக்கோயிலும், அதை ஒட்டிய வீடும் அவர் பொறுப்பில் இருந்தன. இன்று கல்பாக்கத்துக்குப் பஸ் பறக்கிற பக்கமெல்லாம் அன்று வெறும் மணல். என்னைப் பெற்றவள் எனக்கு நாலு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். கோயிலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் அவள் கல்லறை. அடுப்பங்கரைக் கதவைத் திறந்தால் சிலுவை தெரியும். காற்றடி காலத்தில் மணல் ஏறி அதைப் பாதி மூடிவிடும், அப்பா போய்த் தள்ளிவிட்டு வருவார்.

மறு வருஷமே நீ வந்தாய். திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஏர் பூட்டுகிற குடும்பம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால்தான் ஞானஸ்நானம். உன் ஊர்ப் பயங்கள் மட்டும் அந்தத் தண்ணீரில் கரையவில்லை. உனக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்று மாதம் தாண்டவில்லை. இரண்டாவதும் அப்படியே. உங்கள் ஊரில் இரண்டாந்தாரமாகப் போகிறவள், செத்துப்போன மூத்தவளுக்கு வருஷா வருஷம் புடவை வைத்துப் படைக்க வேண்டுமாம். படைக்காவிட்டால் அவள் தொட்டிலை ஆட விடமாட்டாளாம். நீ அப்பாவிடம் அழுது கேட்டாய். உபதேசியார் வீட்டிலேயே படையல் போட்டால் செங்கல்பட்டுப் போதகர் என்னை வேலையில் வைத்திருப்பாரா என்று அவர் ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

படைக்க முடியாத நீ என்ன செய்தாய் என்பது எனக்குத்தான் தெரியும். சோறு எனக்குத்தான் முதலில் போடுவாய், அதுவும் ஒரு பெரிய மனுஷி சாப்பிடுகிற அளவு. பாய் விரிக்கும்போது என் இடது பக்கம் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு விரிப்பாய். என்னோடு பேசும்போது உன் கண் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். "சாப்புட வாங்க" என்பாய். அந்தக் குப்பத்தில் ஏழு வயதுப் பெண்ணை வாங்க போங்க என்று அழைத்தவள் நீ ஒருத்திதான். மூத்தாள் பெண்ணை இப்படித் தாங்குகிறவள் உண்டா என்று கோயிலுக்கு வருகிறவர்களெல்லாம் உன்னை மெச்சினார்கள். நான் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். இருட்டின பிறகு திரும்புவதை விட்டுவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயதில் தம்பி பிறந்தான். பிறந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரியிடம் அவனைக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு தந்து திரும்ப வாங்கினாய். வேண்டாத பிள்ளை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்றால் அவனைக் கொண்டுபோக யாருக்கும் தோன்றாது என்று கணக்கு. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாய், "தவுடு" என்பாய். கிழிந்த துணியில்தான் சுற்றுவாய். ஒரு முத்தம் கொடுத்து நான் பார்த்ததில்லை. பால் கொடுக்கும்போதுகூட அவன் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்ப்பாய். உன் கழுத்து நரம்பு தெறிக்கும்.

அந்தக் கிறிஸ்மஸுக்குச் செங்கல்பட்டு மிஷனின் வெள்ளைக்காரத் துரைசானியம்மா காலுக்குப் போடும் கம்பளி மேஜோடு இரண்டு கொடுத்தனுப்பினாள், பெரியது எனக்கு, சின்னது அவனுக்கு. கட்டில் பக்கம் தொங்கவிட்டால் கிறிஸ்மஸ் தாத்தா வந்து பரிசு போடுவார், கைக்குழந்தையையும் விடமாட்டார் என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டுக் கோயிலில் தோரணம் கட்டப் போய்விட்டார். வீட்டில் கட்டில் ஏது. சுவரில் ஆணி அடித்து இரண்டையும் மாட்டினாய்.

விளக்கு வைக்கிற நேரம். காற்றே இல்லை, ஆனாலும் சவுக்கு மட்டும் இரைந்தது. என்னைச் சுவரோரம் உட்காரச் சொல்லி, பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தாய். என் மேஜோட்டில் மஞ்சள் கிழங்கு போட்டாய். வெற்றிலை பாக்கு, மடித்த ரவிக்கைத் துணி, கனகாம்பரம். கடைசியாகக் கரும்பச்சைக் கண்ணாடி வளையல் ஆறு, ஒவ்வொன்றாக. நான் எண்ணினேன். ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் வழுக்கிப் போயிற்று. எனக்குப் பெரிசு என்றேன்.

நீ என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "எல்லாம் உங்களுக்குத்தான். கொறைன்னா சொல்லிடுங்க" என்றாய். அந்த வளையலை என் கையிலிருந்து நீயே கழற்றி உள்ளே போட்டாய். உன் விரல் மீன் மாதிரி சில்லென்று இருந்தது.

சின்ன மேஜோட்டில் இரண்டு பிடி தவிடு போட்டு, மேலே ஒரு கந்தலைத் திணித்தாய். எனக்குக் கோபம் வந்தது. தம்பிக்கு ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டேன். வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "இது நம்ம வூட்டுப் புள்ளயா? தவுட்டுக்கு வாங்கியாந்தது. இதுக்கு இன்னாத்துக்குப் பரிசு?" என்றாய். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாய்.

அப்போதுதான் அதைச் செய்தேன். என் மேஜோட்டிலிருந்து ஒரு வளையலை எடுத்து, கந்தலை விலக்கி, தவிட்டுக்குள் கைவிட்டு அடியில் அமுக்கினேன். பெரிய தருமம் ஒன்றும் இல்லை. கிறிஸ்மஸ் தாத்தா இவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று விடிந்தபின் நான் பார்க்க வேண்டாம் என்றுதான்.

விடியற்கால ஆராதனை முடிந்து வந்தோம். கிழக்கு வெளுத்திருந்தது. தவிட்டைக் கோழிக்குப் போட நீ சின்ன மேஜோட்டை முறத்தில் கவிழ்த்தாய். வளையல் விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று விழுந்தது.

இரண்டு. நான் போட்டது ஒன்று. பெரியதை ஓடிப்போய்ப் பார்த்தேன், நாலுதான் இருந்தது. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்று யாரும் சொல்லலாம், நானும் எனக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தேன். ஒற்றை வளையலை என் விரலில் கோத்துத்தான் உள்ளே விட்டேன், சின்னம்மா. அப்பா இரவெல்லாம் கோயிலில் இருந்தார். மூத்தவளுக்கு வைத்துவிட்டதைத் தொட உனக்கோ துணிவில்லை.

நீ முறத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். என் இடது பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக் கை குவித்தாய். "அக்கா குடுத்துட்டாங்க. கொயந்தைய எனக்கு உட்டுட்டாங்க" என்றாய். ஒன்று நான் போட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ தம்பியை வாரி எடுத்து, நெற்றியிலும் வயிற்றிலும் உள்ளங்காலிலும் முத்தம் கொடுத்து, அப்பா வைத்த பெயரைச் சொல்லி முதல்முறையாகக் கூப்பிட்டாய். என் வாய் மூடிக்கொண்டது. நான் சொன்னால் அவன் செத்துப்போவான் என்று தோன்றியது.

அவன் பிழைத்தான். பல்லும் முடியும் போய், இன்றும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான்.

நான்தான் மாட்டிக்கொண்டேன். அவனை நீ துடைப்பத்தால் அடிப்பாய், அடுத்த நிமிஷம் மடியில் போட்டுத் தலை கோதுவாய். என்னை ஒரு நாள்கூட அடிக்கவில்லை, தொடவும் இல்லை. பன்னிரண்டு வயதில், வேண்டுமென்றே குழம்புச் சட்டியைக் கீழே போட்டு உடைத்தேன். நீ ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கிக்கொண்டே "பரவால்லீங்க" என்றாய். அன்று கிணற்றடியில் போய் அழுதேன். உனக்கும் எனக்கும் நடுவில் என்னைப் பெற்றவள் நின்றுகொண்டிருந்தாள், நகரவே மாட்டேன் என்றாள். நான் பிள்ளை பெற்று, பேரன் எடுத்த பிறகும் நீ என்னை வாங்க என்றுதான் அழைத்தாய்.

நீ போவதற்கு நாலு நாள் முன்னால், செங்கல்பட்டில் தம்பி வீட்டில், உன் கட்டில் பக்கம் நானும் நீயும் மட்டும் இருந்தோம். மத்தியான வெயில். அப்போதும் என் தோளுக்குப் பின்னால் பார்த்து, அக்காவை உட்காரச் சொல்லுங்க என்றாய். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வளையலைப் போட்டது நான் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு கேட்டாய், "எத்தினி?"

"ரெண்டும் நான்தான்."

உன் கண் மெல்ல என் தோளைவிட்டு இறங்கி என் முகத்துக்கு வந்தது. அறுபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. உன் கண்ணில் ஒரு மச்சம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கையைத் தூக்கி என் கன்னத்தில் அறைந்தாய். எலும்பு மட்டுமே இருந்த கை, ஆனாலும் சுரீரென்றது. "எருமமாடே, இத்தினி வருசமா வாயில இன்னா வச்சிகினு இருந்த?" என்றாய். அதே கையால் என் தலையைப் பிடித்து உன் மார்போடு வைத்துக்கொண்டாய். அப்போதே எழுபது வயதுக் கிழவி நான், மூச்சு முட்ட அழுதேன். நாலு நாளும் என்னை வாடி போடி என்றாய். நாலு நாள் நான் உன் பெண்.

நான் போட்டது ஒன்றுதான், சின்னம்மா. மற்றொன்றை யார் போட்டார்கள் என்று தெரியாது என எழுத வந்தேன், கை ஓடவில்லை. உன் பிள்ளையை உனக்கு விட்டுக்கொடுத்தவளை, ஓர் அறை வாங்குவதற்காக, அங்கே இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டேன். வருத்தமா என்று கேட்டால் இல்லை. அந்த அறையை யாருக்கும் திருப்பித் தரமாட்டேன். என்னைப் பெற்றவளிடம்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. நீ இப்போது அவள் பக்கத்தில்தான் இருப்பாய். உன் பெண் அடி வாங்க ஆசைப்பட்டு ஒரு பொய் சொல்லிவிட்டாள் என்று நீயே அவளிடம் சொல்லி வை.