அப்பா நின்ற பவுண்டரி

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு,

சித்தார்த் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ஒண்ணுமில்லடா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் பழைய மாணவர் கிரிக்கெட் கிளப்பின் பொங்கல் மேட்ச் வீடியோவை நம் தெரு சிவசங்கர் அனுப்பினான். ஊருக்கு வர முடியாதவனுக்குப் பதில் அவன் வீட்டு ஆள் ஒருவர் ஒரு ஓவர் ஃபீல்டிங் நிற்பது எங்கள் கிளப் வழக்கம். தம்பியை அனுப்புவீர்கள் என்று நினைத்திருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, என் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பவுண்டரியில் நீங்கள் நிற்கிறீர்கள்! நான் ஸ்கூலில் ஆடியபோது ஒருநாளும் கிரவுண்டுப் பக்கம் வராதவர்.

கேட்சை விட்டதற்கு வருத்தப்படாதீர்கள். "பரவால்லைங்கப்பா, சித்தார்த்தும் இப்படித்தான் விடுவான்" என்று சிவசங்கர் கத்துவது கேட்டது. அறையில் தனியாகச் சிரித்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லேசான ஜலதோஷம்தான், பயப்படாதீர்கள்.

என்னோடு தங்கியிருக்கும் அருள்ராஜ் லீவில் வருகிறான். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே ஸ்ரீரங்கம் வந்து இதைக் கொடுப்பான். அவன் திரும்பும்போது பருப்புப்பொடியும் அந்தத் தொப்பியும் கொடுத்தனுப்புங்கள். அவனுக்கு டாக்ஸி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், தொப்பியைத் துவைக்க வேண்டாம்.

உங்கள்
சித்தார்த்